கொலுசுக் கடையின் இணையதளம்: பார்க்க வருபவரை வாங்க வைப்பது எது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு விற்கும் ஒரு கடைக்கு நாள் முழுக்க வரும் போன்களைக் கேட்டுக்கொண்டிருந்தால், கேள்விகள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். ஜோடி எத்தனை கிராம்? எந்த டச் (வெள்ளியின் தூய்மை)? செய்கூலி எவ்வளவு? என் காலுக்கு எந்த சைஸ்? கூரியரில் எத்தனை நாளில் வரும்? பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தருவீர்களா? இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான் உங்கள் இணையதளம். வடிவமைப்பாளரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வாரம் போன் பக்கத்தில் நோட்டு வைத்து இவற்றை எழுதுங்கள். எது அதிகம் வருகிறதோ அதற்கான பதில் மேலே போகட்டும்.

பெரும்பாலானவர்கள் போனில்தான் பார்ப்பார்கள். முதல் திரையில் கடைப்பெயர், என்ன விற்கிறீர்கள் என்று ஒரு வரி, கொலுசின் ஒரு நல்ல படம், அன்றைய வெள்ளி விலை, வாட்ஸ்அப் பொத்தான் ஆகியவை போதும். நகரும் பேனர் வேண்டவே வேண்டாம். ஐந்து படங்களைச் சுமந்துகொண்டு பக்கம் மெதுவாகத் திறக்கும், இரண்டாவது படம் வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள். ‘எங்களைப் பற்றி’ கடைசியில் இருக்கட்டும்.

விலைதான் பலரும் சறுக்கும் இடம். வெள்ளி தினமும் ஏறி இறங்குவதால் ‘விலைக்குத் தொடர்புகொள்ளவும்’ என்று போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்ததும் பாதிப் பேர் மூடிவிட்டுப் போவார்கள் என்பது என் எண்ணம். ஒவ்வொரு கொலுசின் பக்கத்திலும் எடை, டச், செய்கூலி மூன்றையும் நிலையாக எழுதுங்கள். அன்றைய கிராம் விலையை மட்டும் கூகுள் ஷீட்டில் ஒரே கட்டத்தில் வைத்து, எல்லாப் பக்கங்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி செய்யச் சொல்லுங்கள். கணக்கும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். எளிதாக இருக்க கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 80 கிராம் ஜோடிக்கு வெள்ளி 8,000, கிராமுக்கு 10 ரூபாய் வீதம் செய்கூலி 800, ஜிஎஸ்டி 3 சதவீதம் 264, ஆக 9,064 ரூபாய். விலைக்குப் பக்கத்தில் தேதி கட்டாயம் இருக்க வேண்டும். மூன்று நாள் பழைய விலை திரையில் நின்றால், அதே விலைக்குத் தா என்று வாடிக்கையாளர் கேட்பார், அதில் நியாயமும் இருக்கும்.

அடுத்தது படம். வெள்ளி கண்ணாடி மாதிரி, எதிரே இருப்பதையெல்லாம் காட்டும். ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் கறுப்பு. வெயில் நேராக விழாத ஜன்னலோரத்தில் சாம்பல் நிறத் துணி விரித்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி எடுங்கள். ஒரு ஜோடிக்கு நான்கு படம்: முழுக் கொலுசு, திருகின் அருகாமைப் படம், தராசில் எண் தெரியும்படி ஒன்று, காலில் போட்டபடி ஒன்று. கூடவே பத்து விநாடி வீடியோ. சலங்கைச் சத்தம் கேட்டு வாங்குகிற பொருள் இது, படத்தில் அது வராது. வீடியோ தானாக ஓடினால் போனில் சத்தமில்லாமல்தான் ஓடும், அதனால் தொட்டால் ஓடும்படி வையுங்கள். படங்களை வெப்பி (WebP) என்ற கோப்பு வடிவில், ஒவ்வொன்றும் 150 கேபிக்குள் சுருக்கிவிடுங்கள். முக்கியப் படம் இரண்டரை விநாடிக்குள் தெரிவதுதான் கூகுள் நல்லது என்று வைத்திருக்கும் அளவு.

சைஸ் குழப்பத்தால்தான் திரும்பி வரும் பார்சல்கள் அதிகமாகும். கணுக்காலைச் சுற்றி நூல் பிடித்து, அதை ஸ்கேலில் அளந்து, தொங்கலுக்கு அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை சேர்க்கச் சொல்லி, அதையே ஒரு படமாகவும் போடுங்கள்.

வாட்ஸ்அப் இணைப்பில் 91 சேர்த்துப் பத்து இலக்க எண் வர வேண்டும். முன்னால் பூஜ்யமோ கூட்டல் குறியோ இருந்தால் இணைப்பு வேலை செய்யாமல் போகலாம். ‘கொலுசு எண் 214 பற்றி’ என்று செய்தி தயாராக இருக்கும்படி அமையுங்கள். வந்தவர் அனுப்பினால் போதும், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பது உங்களுக்கும் தெரியும். போன் எண்ணைப் படத்துக்குள் எழுதிவிட்டால் தொட்டு அழைக்க முடியாது.

தமிழில் எழுதும்போது இரண்டு விஷயம். பழைய நோட்டீஸிலிருந்து பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் திரையில் குப்பையாகத் தெரியும், கூகுளுக்கும் புரியாது; யூனிகோடில் மறுபடி அடியுங்கள். ‘வாட்ஸ்அப்பில் கேளுங்கள்’ என்பது சிறிய போனில் இரண்டு வரியாக உடையும், 360 பிக்சல் அகலத்தில் சோதித்துவிட்டு ‘கேளுங்கள்’ என்று சுருக்குங்கள். எழுத்து 16 பிக்சலுக்குக் குறையாமல், வரி இடைவெளி 1.6 மடங்காவது இருந்தால் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று இடிக்காது.

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துபவருக்கும் முறை இதுதான், கேள்விகள்தான் வேறு: வார நாள் வாடகை, மே மாதக் கோடை விழா சமயத்து வாடகை, வெந்நீர், கார் நிறுத்த இடம், எஸ்டேட் ரோட்டில் கடைசி ஒரு கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்பது. கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைக் காட்டும் குறி சரியான கேட்டில் விழுகிறதா என்று கீழே சேலத்திலிருந்து ஒருவரை வண்டியில் வரவழைத்துச் சோதியுங்கள்.

தளத்திலேயே பணம் வாங்கப் போகிறீர்கள் என்றால் கடை முகவரி, மாற்றித் தரும் விதி, புகாருக்கான தொடர்பு எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இதைக் கேட்கின்றன.

தளம் ஓடத் தொடங்கியதும் வாரம் ஒருமுறை மூன்று எண்களைப் பாருங்கள்: வந்தவர்கள், பொத்தானைத் தொட்டவர்கள், வாங்கியவர்கள். 300 பேர் வந்து 6 பேர்தான் தொட்டார்கள் என்றால் பக்கத்தில் கோளாறு, படத்தையும் விலையையும் பாருங்கள். 60 பேர் தொட்டு 2 பேர்தான் வாங்கினார்கள் என்றால் பக்கத்தைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் பதில் போக எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள்.