பூஜை மணியும் பச்சை மையும்

ஜூனில் பள்ளி திறந்து மூன்றாவது வாரமே என் குரல் போய்விட்டது. வாரத்துக்கு 28 பாடவேளை. அதில் இலக்கணம் நடத்தியது கொஞ்சம், "பேசாதே" என்று கத்தியது மிச்சம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். "டீச்சரா?" என்றார். தொண்டையிலேயே எழுதி ஒட்டியிருக்கும் போல.

"கத்தவே கூடாது. அடிக்கடி தண்ணி குடிங்க."

"கிசுகிசுன்னு பேசலாமா டாக்டர்?"

"அது இன்னும் மோசம். தொண்டையை இறுக்கித்தானே கிசுகிசுக்கணும்."

சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னையறியாமல் குரலை உயர்த்துவான் என்று லொம்பார்ட் என்ற பிரெஞ்சு டாக்டர் 1911லேயே எழுதிவிட்டாராம். எங்கள் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அவரை அனுப்பியிருந்தால் வேலை ஒரே பாடவேளையில் முடிந்திருக்கும்.

சரி, வாயால் கத்த வேண்டாம், மணி அடிக்கலாம் என்று முடிவு செய்தேன். மணிக்கு எங்கே போவது? பூஜை அறையில், அத்தை நாச்சியார்கோவிலில் வாங்கிய பித்தளை மணி இருந்தது. கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அத்தையிடம் சொல்லவில்லை. அங்கேதான் பிழை.

"மணி அடிச்சா எல்லாரும் வாயில விரல் வைக்கணும்" என்று வகுப்பில் அறிவித்து, அடித்தேன். நாதம் கணீரென்று எழுந்தது. முப்பத்தொன்பது பேர் வாயில் விரல் வைத்தார்கள். கடைசி பெஞ்சுக்காரன் மட்டும் கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான், சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்து, "கற்பூரம் ஏத்தியாச்சா டீச்சர்? தட்டை இந்தப் பக்கமும் காட்டுங்க" என்றார்.

ஆனால் மூன்றாம் நாளில் பழகிவிட்டது. ஒரு தடவை மணி அடித்தால் வகுப்பே கப்சிப். நான் என் சாதனையில் மிதந்துகொண்டிருந்தபோது வீட்டில் அத்தை அலமாரி, பரண், அரிசி டப்பா வரை மணியைத் தேடியிருக்கிறார். நாலு நாளாக ஸ்பூனால் சொம்பைத் தட்டிப் பூஜை நடந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை என் கைப்பை தானாக ஒலித்தது. அத்தை ஒன்றும் கேட்கவில்லை. காபி மட்டும் அன்றைக்குச் சர்க்கரை இல்லாமல் வந்தது.

மணி நன்றாகப் போன தைரியத்தில் அடுத்த மாற்றத்தில் இறங்கினேன். சிவப்பு மையில் திருத்தினால் குழந்தைகள் மிரள்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். பச்சைப் பேனா ஒரு டஜன் வாங்கினேன். மூன்று வகுப்புக் கட்டுரை நோட்டு, மொத்தம் 120. ஒற்றுப்பிழை, லகர ளகரக் குழப்பம் எல்லாவற்றையும் பச்சையில் வட்டமிட்டேன். பக்கமே தோட்டம் போல் இருந்தது.

மறுநாள் ஒரு பையன் நோட்டுடன் பூரிப்பாக வந்தான். "டீச்சர், எனக்குத்தான் நிறைய பச்சை. பச்சைன்னா சரின்னு எங்கம்மா சொன்னாங்க, சிக்னல் மாதிரி." வாழைப்பழத்தை 'வாளைப்பளம்' என்று எழுதியவனுக்கு வீட்டில் கேசரி கிண்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மதியமே தலைமையாசிரியர் கூப்பிட்டார். பச்சை மை அதிகாரிகள் கையெழுத்துப் போடுவது. எங்கள் பள்ளியில் அந்த உரிமை அவர் ஒருவருக்குத்தான். மேஜைமேல் என் வகுப்பு நோட்டு ஒன்று விரிந்து கிடந்தது.

"ஏன் டீச்சர், நான் ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கே?"

பதினொரு பேனாக்கள் இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. யாருக்காவது பதவி உயர்வு வந்தால் சொல்லுங்கள், தருகிறேன்.

நோட்டுத் திருத்துவதையும் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். ஒரு வகுப்பின் நாற்பதையும் ஒரே நாளில் சுமக்காமல், தினம் எட்டு. திங்களன்று வரிசை எண் 1 முதல் 8 வரை. முதல் திங்களன்றே அந்த எட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல், இரண்டு பேருக்குத் தாத்தா இறந்துவிட்டார். ஒருவனுக்கு இது மூன்றாவது தாத்தா. அப்புறம் சீட்டுக் குலுக்கிப் போட்டு அன்றன்று காலையில் எட்டுப் பேரை எடுத்தேன். தாத்தாக்கள் பிழைத்தார்கள்.

சாக்பீஸைப் பாதியாக ஒடித்து எழுதினால் கரும்பலகையில் கிறீச் சத்தம் வராது என்பதையும் இந்த வருஷம்தான் கண்டுகொண்டேன். காசு செலவில்லை, யாரிடமும் திட்டும் வாங்கவில்லை. அதனாலோ என்னவோ, அந்தச் சாதனையை ஒருவரும் கவனிக்கவில்லை.

மணியை அத்தையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாத்திரக் கடையில் வேறொரு சின்ன மணி வாங்கிக்கொண்டேன். குரலும் மெல்லத் திரும்பி வந்தது.

போன பிரதோஷத்துக்கு அத்தையோடு கோயிலுக்குப் போயிருந்தேன். நந்திக்கு அபிஷேகம் முடிந்து தீபாராதனை. குருக்கள் மணியை எடுத்து அடித்தார். கூட்டம் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தூணோரம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் கடைசி பெஞ்சுக்காரன் மட்டும் விறைப்பாக நிமிர்ந்து, வாயில் விரல் வைத்துக்கொண்டான்.