௳ முதல் ௺ வரை

ஜூன் 3

தாத்தா காலத்துக் கணக்கு நோட்டுகளைத் தட்டச்சு செய்து வெப் பக்கமாகப் போட ஆரம்பித்தாயிற்று. நோட்டில் பாதிக்கு மேல் குறிகள்தான்: நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺. ஸ்கேன் செய்து குறியை மட்டும் வெட்டிப் படமாக ஒட்டிவிடு என்கிறான் தம்பி. எனக்குச் சம்மதமில்லை. படமாகப் போட்டால் தேடினால் கிடைக்காது, காப்பி செய்ய வராது, பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் அது வெறும் படம்தான். எழுத்தாக எழுதினதை எழுத்தாகவே ஏற்ற வேண்டும்.

ஜூன் 4

யூனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் ஆளுக்கொரு எண் கொடுக்கும் பொதுப் பட்டியல். இந்தக் குறிகள் 2003-இல் வந்த யூனிகோட் 4.0-இலேயே சேர்ந்துவிட்டவை. கீபோர்டில் இல்லாவிட்டால் என்ன, வெப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் & போட்டு, # போட்டு, எழுத்தின் யூனிகோட் எண்ணைக் கொடுத்து ; வைத்து முடித்தால் சரி. ௳ என்பது &#3059; அங்கிருந்து வரிசையாகப் போனால் ௹ &#3065; ஆகவும் ௺ &#3066; ஆகவும் வரும்.

கடைசியில் வரும் அந்த ; ரொம்ப முக்கியம். ௹5 என்று வர &#3065;5 என்று எழுத வேண்டும். அரைப்புள்ளியை விட்டால் பிரவுசர் பக்கத்திலிருக்கும் 5-ஐயும் சேர்த்து 30655 என்று படித்துக்கொண்டு ஒரு சீன எழுத்தைக் காட்டும்.

₹ வேறு எழுத்து, &#8377;. உதயகுமார் தர்மலிங்கம் வரைந்து, 2010 ஜூலையில் அரசு ஏற்று, அதே வருஷம் யூனிகோட் 6.0-இல் சேர்ந்தது. தாத்தா எழுதியது ௹, ஆகவே பக்கத்திலும் ௹தான் போகும்.

ஜூன் 6

அத்தை மகன் அவன் செய்த பக்கத்தைக் காட்டினான். தமிழ் முழுக்க ® ¯ என்று சிதறிக் கிடக்கிறது, நடுவில் ௹ மட்டும் முழுசாக நிற்கிறது! காரணம் தெளிவு. எழுத்துகளைக் கணினி பைட் என்னும் எண்களாகச் சேமிக்கும் முறைக்கு என்கோடிங் என்று பெயர். அதில் ஒன்றான யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், க-வில் இரண்டாவது பைட் 174. பக்கம் எந்த என்கோடிங் என்று சொல்லப்படாததால் பிரவுசர் பழைய மேற்கு ஐரோப்பிய முறையில் படித்திருக்கிறது, அதில் 174 என்றால் ®. மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு அதே இடத்தில் 175, அது ¯. ௹-ஐ அவன் &#3065; என்று எழுதியிருந்தான், அதில் இருப்பதெல்லாம் கிட்டத்தட்ட எந்த என்கோடிங்கிலும் மாறாத சாதாரணக் குறிகளும் எண்களும். பக்கத்தைப் பற்றிப் பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா டேகில் யுடிஎஃப்-8 என்று ஒரு வரி சேர்த்ததும் எல்லாம் சரியானது. அந்த வரி பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்காக எல்லாத் தமிழையும் எண்ணாக எழுதிவிடலாமா என்று கேட்டான். வேண்டவே வேண்டாம், அப்புறம் அந்தக் கோப்பை யார் திறந்து திருத்துவது? கீபோர்டில் வராத குறிகளுக்கும் எச்டிஎம்எல் தனக்கென வைத்துக்கொண்ட < & மாதிரி சிலவற்றுக்கும் மட்டும் எண் போதும்.

ஜூன் 9

குறிகளுக்கு ஒரு விளக்கப் பக்கம். வாசகருக்கு &#3065; என்றே தெரிய வேண்டுமானால் அப்படியே எழுதினால் ௹ வந்துவிடும், ஆகவே & குறியையே எண்ணாக்கி &#38;#3065; என்று எழுதினேன். < குறிக்கு &#60;. இடைவெளியோ எண்ணோ தொடர்ந்தால் வெறும் < தப்பித்துவிடும், ஒட்டி ஆங்கில எழுத்து வந்தால் டேக், அதாவது எச்டிஎம்எல் கட்டளை, என்று எடுத்துக்கொண்டு அடுத்த சொற்களையே விழுங்கிவிடும்.

ரூபாய்க் குறி ஒரு வரியிலும் தொகை அடுத்த வரியிலும் விழாமலிருக்க நடுவில் வரி முறியாத இடைவெளி, &#160;.

ஜூன் 12

பின்னங்கள். கால், அரை, மாகாணி, முந்திரி எல்லாம் 2019-இல் யூனிகோட் 12.0-இல்தான் வந்தன, வேறு குறிகளும் சேர்த்து மொத்தம் 51 எழுத்துகள். முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு, &#73664;. கால் &#73680;. மாமா போனில் இரண்டுமே வெறும் கட்டமாக வந்தன. கோடில் குறையில்லை, அந்தப் போனில் இந்த எழுத்துகள் உள்ள ஃபான்ட் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் ஃபான்டைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பியதும் கால் அழகாக வந்தது, மாமா தன் பங்குக்கு முக்கால் எங்கே என்று கேட்கிறார்.

மாகாணிக்குப் போலவே அரைக்கும் இரண்டு வடிவம் கொடுத்திருக்கிறார்கள், &#73681; ஒன்று, &#73682; ஒன்று. நோட்டில் இருப்பது எது என்று ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டுத்தான் போட வேண்டும்.