களைத்துப்போன ஹீரோவும் 13 எபிசோடுகளும்

தொடர்களைப் பற்றி எழுதுவதையே வேலையாக வைத்திருப்பவர்களுக்கு அடிக்கடி வந்து சேரும் வேலை, ஒரு சீசனின் எபிசோடுகளை வரிசைப்படுத்திக் கொடுப்பது. வெளியிலிருந்து பார்த்தால் அரை மணி நேரத்து வேலை போலத் தெரியும். மார்வெலின் சூப்பர்ஹீரோ தொடரான 'டேர்டெவில்' முதல் சீசனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் அது எவ்வளவு வழுக்கும் என்பது புரியும். 2015 ஏப்ரல் 10 அன்று நெட்ஃப்ளிக்ஸ் 13 எபிசோடுகளையும் ஒரே நாளில் இறக்கியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். வாரம் ஒன்றாக வந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் மனதில் ஒரு தனி இடம் அமைந்திருக்கும். மொத்தமாக உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு எந்தக் காட்சி எந்த எபிசோடில் வந்தது என்பதே கலங்கிப்போகிறது. இனி வரும் பத்திகளில் கதை முழுக்க உடைபடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் பார்க்கும் முறை. ஒரு நாளைக்கு 3 எபிசோடுக்கு மேல் வேண்டாம். நான்காவதைப் பார்க்கும்போது கண் அலுத்திருக்கும், அந்த அலுப்பை எபிசோடின் குறையாக எழுதிவிடுவோம். 13 முடிய 5 நாள் ஆகும். முதல் சுற்றில் குறிப்பேடே வேண்டாம். இரண்டாம் சுற்றில் நோட்டில் மூன்று கட்டம்: நேரம், என்ன நடக்கிறது, அதனால் யாருக்கு என்ன சேதம். நேரத்தை அவசியம் எழுதுங்கள். "நடுவில் தொய்வு" என்று எழுதுவது சுலபம். எத்தனையாவது நிமிடத்திலிருந்து எத்தனையாவது நிமிடம் வரை என்று எழுத வேண்டிவந்தால், பாதித் தடவை அந்தத் தொய்வே இருக்காது.

வேகத்தைக் கூட்டிப் பார்ப்பது இந்தத் தொடருக்குச் செய்யும் துரோகம். வின்சென்ட் டி'ஒனோஃப்ரியோ நடித்த வில்லன் வில்சன் ஃபிஸ்க் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, மூச்சை இழுத்து, வார்த்தையைத் தேடி எடுத்துத்தான் முடிப்பார். அந்தத் தயக்கம்தான் கதாபாத்திரம். வேகத்தை ஒன்றேகாலாக வைத்தாலே தயக்கம் காணாமல்போய், அவர் சாதாரணமாகப் பேசும் ஒரு பெரிய மனிதராகிவிடுகிறார். அப்படிப் பார்த்துவிட்டு "ஃபிஸ்க் காட்சிகள் சுமார்" என்று எழுதினால் அந்தத் தவறு நம்முடையது.

மூன்றாவது சுற்று இந்தத் தொடருக்கென்றே உள்ளது. திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேட்பது. நாயகன் மேட் மர்டாக் பார்வையற்றவர், உலகத்தைக் காதால் பிடிப்பவர். தொடர் வெளியானபோது அதற்கு ஒலி விவரிப்பு, அதாவது திரையில் நடப்பதைச் சொல்லும் குரல், கிடையாது. பார்வையற்ற நாயகனின் கதையைப் பார்வையற்றவர்களே பின்தொடர முடியவில்லை என்ற குரல் எழுந்து, சில நாட்களுக்குள் நெட்ஃப்ளிக்ஸ் அதைச் சேர்த்தது. நெட்ஃப்ளிக்ஸில் ஒலி விவரிப்பு தொடங்கியதே இந்தத் தொடரில்தான். அதைப் போட்டுக்கொண்டு 2, 6 ஆகிய இரண்டு எபிசோடுகளையாவது கேளுங்கள். தரவரிசை அசையும்.

பிறகு வரிசைப்படுத்துவது. கதை, நடிப்பு, சண்டை, ஒளிப்பதிவு, முடிவு என்று ஐந்து தலைப்பில் பத்துப் பத்தாக மதிப்பெண் போட்டுக் கூட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அது உதவாது. நல்ல சீசன் என்றால் பெரும்பாலான எபிசோடுகள் ஒன்றிரண்டு மதிப்பெண் இடைவெளியில் வந்து குவிந்துவிடும். அதற்குப் பதில் இரண்டிரண்டாக ஒப்பிடுவதே மேல். எல்லா ஜோடியையும் ஒப்பிட்டால் 78 கேள்வி. அவ்வளவு தேவையில்லை. ஏற்கெனவே அடுக்கிய பட்டியலின் நடுவில் இருப்பதோடு புதிய எபிசோடை ஒப்பிட்டு, மேலே போகுமா கீழே போகுமா என்று பார்த்து, அந்தப் பாதியின் நடுவோடு மறுபடி ஒப்பிட்டுச் செருகிக்கொண்டே போனால் அதிகபட்சம் 37 கேள்வியில் 13-உம் அடுக்கி முடிந்துவிடும்.

இதில் ஒரு முடிச்சு விழும். 4-ஆம் எபிசோடு 9-ஐ விட நன்று, 9 என்பது 6-ஐ விட நன்று, ஆனால் 6 என்பது 4-ஐ விட நன்று என்று நம் நோட்டே சொல்லும். நமக்குப் புத்தி கெட்டுவிடவில்லை, மூன்று ஒப்பீட்டுக்கும் மூன்று வேறு காரணங்களை எடுத்திருக்கிறோம். முதலாவதில் ஃபிஸ்க் தரும் அதிர்ச்சி, இரண்டாவதில் சண்டை, மூன்றாவதில் திரைக்கதையின் கட்டு. ஒரே கேள்வியை மூன்றுக்கும் கேட்டால் முடிச்சு அவிழும். அந்த ஒரே கேள்வி எது என்பதில்தான் வரிசைப்படுத்துபவரின் தீர்ப்பே இருக்கிறது.

இந்த சீசனுக்கு அந்தக் கேள்வி, அடிபட்ட உடம்பு கணக்கில் வருகிறதா என்பது. சூப்பர்ஹீரோ கதைகளில் அடி வாங்கியவர் அடுத்த காட்சியில் சட்டை மடிப்புக் கலையாமல் நிற்பார். இங்கே காயம் எபிசோடு தாண்டி எபிசோடு கூடவே வருகிறது. மூச்சு வாங்குகிறது, விலா வலிக்கிறது, நண்பன் கோபித்துக்கொண்டு போகிறான். அந்தச் செலவை நேர்மையாகக் கணக்கெழுதும் எபிசோடு மேலே, மறந்துவிடும் எபிசோடு கீழே. எங்கள் பட்டியல் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

அதன்படி முதலிடம் 2-ஆம் எபிசோடு 'கட் மேன்'. ஃபில் ஆப்ரகாம் இயக்கியது. குத்துச்சண்டையில் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே வீரனின் வெட்டுக்காயத்துக்கு ரத்தம் நிறுத்துபவர்தான் கட் மேன். சின்னப் பையன் மேட், அப்பா ஜாக்கின் முகத்தில் தையல் போடுகிறான். கை நடுங்காமலிருக்க அப்பாவே அவனுக்கு ஒரு மிடறு விஸ்கி கொடுக்கிறார். வளர்ந்த மேட் குப்பைத்தொட்டியில் குற்றுயிராகக் கிடந்து, கிளேர் என்ற செவிலியின் வீட்டில் தையல் வாங்கிக்கொண்டிருக்கிறான். ஒரு தலைப்பு இரண்டு காலத்துக்கும் பொருந்தி நிற்கிறது.

எல்லோரும் பேசுவது கடைசியில் வரும் தாழ்வாரச் சண்டையை. ஏறக்குறைய மூன்று நிமிடம், ஒரே ஷாட் போல ஓடுகிறது. ஸ்டன்ட் பொறுப்பு ஃபிலிப் சில்வேரா, மேட்டாக நடித்த சார்லி காக்ஸுக்கு டூப் கிறிஸ் ப்ரூஸ்டர். "ஒரே ஷாட்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது சிறந்ததாக இருப்பதன் காரணம் தப்பிவிடும். நோட்டை வைத்துக்கொண்டு பாருங்கள். இரண்டு பக்கமும் கதவுகள். சண்டை அடிக்கடி ஓர் அறைக்குள் போய்விடுகிறது, கேமரா பின்னால் ஓடாமல் தாழ்வாரத்திலேயே நிற்கிறது. உள்ளே நடப்பது ஒலியாக மட்டும் வருகிறது. திடீரென்று ஒரு மைக்ரோவேவ் அடுப்பு கதவு வழியாகப் பறந்து வந்து ஒருவன் மேல் விழுகிறது. கதவு மறைப்பதால் நடிகரும் டூப்பும் இடம் மாற வழி கிடைக்கிறது. அது தொழில்நுட்ப வசதி. அதே கதவு, பார்வையாளரை மேட்டின் நிலைமையில் கொண்டுபோய் வைக்கிறது. நாமும் காதால்தான் அந்தச் சண்டையைப் பார்க்கிறோம்.

இன்னொன்று, விழுந்தவர்கள் எழுந்துவருகிறார்கள். ஒரு அடியில் யாரும் சாய்ந்து கிடப்பதில்லை. நடுவில் மேட் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான். அந்தக் களைப்புக்கான காரணம் தாழ்வாரத்தில் இல்லை, முந்தைய நாற்பது நிமிடத்தில் கிளேர் வீட்டில் இருக்கிறது. சண்டையை மட்டும் வெட்டி எடுத்து இணையத்தில் பார்ப்பவருக்கு அது திறமையான சண்டை. முழு எபிசோடையும் பார்த்தவருக்கு, தையல் பிரிந்துவிடுமோ என்று பதைப்போடு பார்க்கும் சண்டை.

காட்சியை எபிசோடாக எண்ணிக்கொள்ளும் தவறு இங்கேதான் நிறைய நடக்கிறது. 11-ஆம் எபிசோடு நல்ல உதாரணம். மேட்டின் அலுவலகத்தில் வேலை செய்யும் கேரனைக் கடத்தி வந்து எதிரே உட்காரவைத்து, மேசை மேல் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பேசுகிறான் ஃபிஸ்கின் வலதுகை வெஸ்லி. கைபேசி ஒலிக்கிறது, அவன் கவனம் ஒரு கணம் சிதறுகிறது, துப்பாக்கி அவள் கைக்குப் போகிறது. குண்டு நிரப்பிய துப்பாக்கியை அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பேனா என்று அவன் கேட்கிறான். அவள் சுடுகிறாள். சீசனின் ஆகச் சிறந்த மூன்று காட்சிகளில் அது ஒன்று. ஆனால் அந்த எபிசோடின் மற்ற நிமிடங்கள் காயம் ஆறுவதற்கும் அடுத்ததைத் தயார் செய்வதற்கும் போய்விடுகின்றன. 10-ஆம் இடம்தான் கொடுக்க முடிந்தது.

இரண்டாமிடம் 8-ஆம் எபிசோடு, 'ஷேடோஸ் இன் தி கிளாஸ்', ஸ்டீஃபன் சர்ஜிக் இயக்கியது. இதில் அடிபட்ட உடம்பு வில்லனுடையது. ஃபிஸ்க் கண் விழிக்கிறார், சுவரில் மாட்டிய வெள்ளை ஓவியத்தைப் பார்க்கிறார், ஆம்லெட் போடுகிறார், சூட்டை எடுக்கிறார், சட்டைக் கைப்பட்டையில் கஃப்லிங்க் பொத்தானை மாட்டிக்கொள்கிறார், கண்ணாடி முன் நிற்கிறார். கண்ணாடியில் தெரிவது ரத்தம் தெறித்த முகத்தோடு ஒரு சிறுவன். அம்மாவை அடித்துக்கொண்டிருந்த அப்பனைச் சுத்தியலால் அடித்துக் கொன்ற பையன். கஃப்லிங்க் அந்த அப்பனுடையது. ஓவியத்தின் வெள்ளையும் அப்பனிடமிருந்து வந்ததுதான். வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எப்படிப்பட்ட மனிதனாக வேண்டும் என்று யோசி என்பது அப்பன் போட்ட உத்தரவு. இதே காலைக் கடமைகள் திரும்ப வருகின்றன. பிறகு அவர் காதலி வனெஸா அவர் வீட்டில் இருக்கும் ஒரு காலை. வேறு சூட்டை அவள் எடுத்துக் கொடுக்கிறாள், வேறு கஃப்லிங்க்கை எடுத்துக் கொடுக்கிறாள். கண்ணாடியில் வளர்ந்த ஃபிஸ்க் தெரிகிறார். வசனமே இல்லாமல் ஒரு மனிதன் மாறுகிறான். இதை முதல் முறை பார்க்கும்போது தவறவிட்டவர்கள் ஏராளம். இரண்டாம் சுற்று அவசியம் என்பது இதனால்தான்.

இந்த எபிசோடின் அருமை தெரிய 3-ஆம் எபிசோடின் கடைசி நிமிடம் கையில் இருக்க வேண்டும். ஃபிஸ்க் முதல்முதலாகத் திரையில் வருவதே அங்கேதான். ஓவியக்கூடத்தில், முழுக்க வெள்ளையான ஓர் ஓவியத்தின் முன்னால் அசையாமல் நிற்கிறார். அப்போது அது வில்லனின் ரசனை போலத் தெரிகிறது. ஐந்து எபிசோடு கழித்து அது அந்தச் சுவர் என்று தெரிகிறது. அதனால் 3-ஐ நான்கு படி மேலே ஏற்ற நேர்ந்தது.

மூன்றாவது, 10-ஆம் எபிசோடு. பலர் இதைக் கீழே வைப்பார்கள், காரணம் சண்டை இல்லை. 9-இல் நோபு என்ற எதிரியின் சங்கிலிக் கத்தியால் கிழிபட்ட மேட் இங்கே சோபாவில் கிடக்கிறான், எழுந்திருக்க முடியவில்லை. எதிரே நண்பன் ஃபாகி. எவன் பொய் சொன்னாலும் இதயத்துடிப்பிலிருந்து உனக்குத் தெரியும் என்றால், இத்தனை வருஷமும் என்னையும் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறாய் என்பது ஃபாகியின் கேள்வி. அந்தக் கேள்விக்கு மேட்டிடம் நியாயமான பதில் கிடையாது. 9-ஆம் எபிசோடின் ரத்தத்துக்கு விலை இங்கேதான் வசூலாகிறது. 10 இல்லாவிட்டால் 9 வெறும் நல்ல சண்டை.

நான்காவது 6, ஐந்தாவது 4, ஆறாவது 9. மேலே சொன்ன முடிச்சு அவிழ்ந்தது இப்படித்தான். 6-இல் காயம்பட்ட ரஷ்யக் கும்பல் தலைவன் விளாடிமிரும் மேட்டும் ஒரு கைவிடப்பட்ட கட்டடத்தில், வெளியே போலீஸ். ஃபிஸ்க் வாக்கிடாக்கியில் வெறும் குரலாக வருகிறார். திரையை மூடிக் கேட்டால் அந்த உரையாடலின் பலம் இரட்டிப்பாகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை. 6 நன்றாக இருப்பதற்கான உழைப்பில் பாதி 5-இல் செய்யப்பட்டது. முன் எபிசோடு மூட்டிய நெருப்பைப் பின் எபிசோடின் கணக்கில் எழுதிவிடுவது சகஜம். 5-ஐக் கடைசி வரிசையில் போட்டுவிட்டு 6-ஐக் கொண்டாடும் பட்டியல்களில் இந்தத் தவறு இருக்கிறது. எங்கள் பட்டியலில் 5-க்கு 8-ஆம் இடம்.

கடைசி இடம் 7. ஸ்காட் க்ளென் நடித்த, சிறுவன் மேட்டுக்குச் சண்டை கற்றுத்தந்த ஸ்டிக்கை நேசிப்பவர்கள் வருத்தப்படுவார்கள். ஐஸ்க்ரீம் காகிதத்தில் சிறுவன் மேட் செய்து கொடுத்த காப்பை அந்தக் கிழவர் வைத்திருந்தார் என்று தெரியும் இடம் நெஞ்சைப் பிசையும். ஆனால் ஸ்டிக் அழிக்க வந்த 'பிளாக் ஸ்கை' என்ற ஆயுதத்தின் விவகாரம் இந்த சீசனில் முடியவில்லை, வரப்போகும் கதைகளுக்கான விதை. பின்னால் வந்ததைத் தெரிந்துகொண்டு முன்னால் வந்ததற்கு இடம் உயர்த்தக் கூடாது.

13-ஆம் எபிசோடுதான் கடைசிவரை நகர்ந்துகொண்டே இருந்தது. பட்டியலை முடித்த பின் இரண்டு வாரம் மூடிவைத்து மறுபடி பார்க்க வேண்டும், சீசன் முடிந்த சூட்டில் இறுதி எபிசோடு எப்போதும் இரண்டு மூன்று படி கூடுதலாக ஏறி நிற்கும். இதுவும் இறங்கியது. 12 எபிசோடாகக் கறுப்புத் துணியில் அடி வாங்கியவன் சிவப்புக் கவசம் போட்டதும் அடி உறைக்காமல்போகிறது. நம் கேள்விக்கு அது நேரெதிர். 12-ஆம் இடத்தில் எழுதியாயிற்று. இன்னும் இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, கைதான ஃபிஸ்க் சிறை அறையில் உட்கார்ந்து வெறுஞ்சுவரைப் பார்க்கும் அந்த ஷாட். ஓவியக்கூடத்தில் தொடங்கி, படுக்கையறை வழியாக வந்த சுவர், விலைக்கு வாங்காமலே அவருக்குக் கிடைத்துவிட்டது. நோட்டில் 12-ஐ அடித்து 11 என்று எழுதினோம்.