பதினைந்து கெல்வின்

மார்ச் 3
மழை. பெரிய நட்சத்திரம் பிறக்கக்கூடிய அந்தக் கருப்பு வாயு மேகத்தைப் பார்க்க ரேடியோ தொலைநோக்கியில் ஒதுக்கியிருந்த நான்கு மணி நேரமும் போயிற்று. மேகத்திலுள்ள அம்மோனியா வெளிவிடும் ரேடியோ அலையின் கோடு 23.7 கிகாஹெர்ட்ஸில், நீராவியுடையது பக்கத்திலேயே, 22-இல். காற்று ஈரமாக இருந்தால் ஒன்றும் தேறாது.

மார்ச் 4
மழை.

மார்ச் 6
கிடைத்துவிட்டது! விடியற்காலை மூன்றரைக்கு, அம்மோனியாவின் குளிர்ந்த நிலைக்குரிய (1,1) கோடு திரையில் எழுந்தது. நடுவில் உயரமாக ஒன்று, இரு பக்கமும் இரண்டிரண்டு குட்டைகள். 1968-இல் இயற்பியலாளர் டவுன்ஸின் குழுவினர் பால்வெளி மையத்தின் திசையில் முதன்முதலாகப் பிடித்ததும் இதே மூலக்கூறைத்தான். அதைவிட ஆற்றல் கூடிய நிலையின் (2,2) கோடு மெலிந்து தெரிந்தது. இரண்டின் விகிதத்தை வைத்துப் போட்டால் வெப்பநிலை 15 கெல்வின். அதாவது மைனஸ் 258 டிகிரி. இந்தக் குளிரிலிருந்தா அவ்வளவு பெரிய நட்சத்திரம்? தூக்கம் வரவில்லை.

மார்ச் 7
கோட்டின் அகலம். வாயு எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அதுதான் சொல்லும். காலையிலிருந்து அதே நினைப்பு. 15 கெல்வினில் வெப்பத்தால் மட்டும் அசைந்தால் அம்மோனியாக் கோட்டின் அகலம் நொடிக்கு 0.2 கிலோமீட்டர் இருக்கும். எனக்கு வந்திருப்பது 2.1. பத்து மடங்கு! உள்ளே எது இப்படிக் கலக்குகிறது? கொந்தளிப்பா? வெளியிலிருந்து வாயு உள்ளே சரிகிறதா? அல்லது இரண்டு மூன்று கட்டிகள் வெவ்வேறு வேகத்தில் போய், தொலைநோக்கியின் பார்வைக் கற்றைக்குள் ஒன்றாகத் தெரிகின்றனவா?

மார்ச் 9
பெட்டிகள் இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன.

மார்ச் 10
கணக்கை மூன்று முறை போட்டேன். மேகத்தின் ஆரம் 0.4 பார்செக் (சுமார் 1.3 ஒளியாண்டு), நிறை 800 சூரியன், கன சென்டிமீட்டருக்கு சுமார் 40,000 ஹைட்ரஜன் மூலக்கூறுகள். இந்த 2.1 கலக்கம் ஏறக்குறைய 370 சூரியனைத்தான் தன் ஈர்ப்பில் சரிந்துவிடாமல் தாங்கும். மீதியை எது தாங்குகிறது, காந்தப்புலமா? தாங்க எதுவுமே இல்லையென்றால் ஒன்றரை லட்சம் ஆண்டில் முழுவதும் சரிந்துவிடும். அதைவிடப் பெரிய குழப்பம் ஜீன்ஸ் நிறை, அதாவது தன் ஈர்ப்பாலேயே சரியக்கூடிய மிகச் சிறிய துண்டின் நிறை. இந்தக் குளிருக்கும் அடர்த்திக்கும் இரண்டு சூரியன் அளவுத் துண்டுகளாகத்தான் உடைய வேண்டும். பெரிய நட்சத்திரத்துக்கு வேண்டிய எட்டு சூரியனுக்கு மேல் எப்படிப் போகிறது? முதலில் சிறு கரு உருவாகி, அப்புறம் சுற்றியுள்ளதை இழுத்து இழுத்துப் பருக்கிறது என்கிறார்கள் சிலர். என் மனமும் அந்தப் பக்கமே சாய்கிறது. அப்படியானால் அந்தக் கரு எங்கே?

மார்ச் 11
தூரம் தப்பாக இருந்தால்? நிறை தூரத்தின் வர்க்கத்தோடு ஏறும். தூரத்தை மேகத்தின் வேகத்திலிருந்துதான் போட்டேன். ஒரே வேகத்துக்கு இரண்டு விடை, அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று. பின்னணி அகச்சிவப்பு ஒளியை மறைத்துக் கருப்பாகத் தெரிகிறதே, அருகில்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

மார்ச் 12
அம்மா போனில்: "இன்னும் பொறக்கலையா?"

மார்ச் 14
இன்னும் ஆற்றல் கூடிய நிலையின் கோடு, (3,3). இரைச்சலுக்குள் ஒரு மேடு. முதலில் நம்பவில்லை. அந்த நிலைக்கு ஏற 124 கெல்வின் ஆற்றல் வேண்டும். குளிர்ந்த வாயு அதை இப்படிக் காட்டாது. மேடு உண்மையென்றால் உள்ளே ஏதோ சுட ஆரம்பித்துவிட்டது. 24 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியில் கருப்பு என்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று ஆகாது, தூசி அவ்வளவு தடிமன். அதிர்ச்சியலையாலும் வாயு சூடாகலாம், அதையும் மறக்கவில்லை. தரவை இரண்டு பாதியாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு பாதியில் மேடு இருக்கிறது. மறுபாதியில் இல்லை.

மார்ச் 15
இன்றிரவு இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தந்திருக்கிறார்கள். சாவியை நாளை மதியம் ஒப்படைக்க வேண்டும். பெட்டி அப்புறம்.

மார்ச் 16, காலை 4.10
வானம் தெளிவு. முதல் நாற்பது நிமிடத்தைச் சேர்த்தாயிற்று. மேடு அதே வேகத்தில்தான் நிற்கிறது. அகலம் 3-க்கு மேல். அடுத்த இருபது நிமிடம் வந்துகொண்டிருக்கிறது