கரண்ட் போன இரவும் ஒரு பிரெஞ்சு மிருகமும்

2022 மார்ச் கடைசி ஞாபகம் இருக்குத்தானே, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள். அந்தக் கிழமை பாத்துத்தான் அக்கா தன்ர மகளை யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில எங்களோட விட்டிட்டுக் கொழும்புக்குப் போனவ. மருமகளுக்கு அப்ப ஏழு வயசு, பகல் முழுக்க பெற்றோல் க்யூவில காஞ்சு கருவாடாகி வாற எனக்கு பின்னேரமானா "மாமா ஏதாவது போடுங்கோ" எண்டு ஒரே அரியண்டம். லப்டொப்பில பற்றறி பாதிக்குக் கொஞ்சம் மேல. கிடந்த காட்டூன் எல்லாம் அவள் கரைச்சுக் குடிச்சிட்டாள். மிச்சம் இருந்தது கூட்டாளி ஒருத்தன் எப்பவோ பென்ட்ரைவில ஏத்தித் தந்த ஒரு பழைய பிரெஞ்சுப் படம், லா பெல் எ லா பெத், அதாவது அழகியும் மிருகமும், ழோன் கொக்தோ எடுத்தது, 1946. கறுப்பு வெள்ளை. சப்டைட்டிலை நான் தமிழில வாசிச்சுச் சொல்லோணும், அதுவும் ரெண்டு செக்கன் பிந்தித்தான் வரும்.

இவளுக்குத் தெரிஞ்சது டிஸ்னியின்ர 1991 காட்டூன், கோப்பையும் கேத்திலும் பாட்டுப் படிக்குமே அது. இதில ஒண்டும் படிக்காது எண்டு முதலே சொல்லிப்போட்டன்.

கதை எல்லாருக்கும் தெரியும், வியாபாரி, மகள்மார், கடைக்குட்டி கேட்ட ஒரே ஒரு ரோசாப்பூ, அதைப் பிடுங்கப் போய் தகப்பன் மிருகத்திட்ட மாட்டுப்படுறது. 1756 இல போமோன் அம்மையார் எழுதின வடிவத்தைத்தான் கொக்தோ எடுத்தவர். முதல் கால்மணித்தியாலம் இவள் நெளிஞ்சுகொண்டுதான் இருந்தாள், எனக்கும் கொட்டாவி.

பேந்து தகப்பன் இரவில அந்த மாளிகைக்குள்ள போறார். உள்ள நடக்கிற ஓடை முழுக்க இருட்டு. சுவரில இருந்து கைகள், வெறும் கைகள், முழங்கைக்கு மேல ஒண்டும் இல்லை, மெழுகுதிரித் தண்டைப் பிடிச்சுக்கொண்டு நீளுது, அவர் நடக்க நடக்க திரி ஒவ்வொண்டும் தானாப் பத்துது, அவர் கடந்து போனாப் பிறகு கை திரும்பி இந்தப் பக்கம் போ எண்டு காட்டுது. சாப்பாட்டு மேசை நடுவில இருந்தும் ஒரு கை வந்து வைன் ஊத்துது. கணப்படுப்பின்ர ரெண்டு பக்கமும் சிலை மாதிரி இருக்கிற முகங்கள் கண்ணை உருட்டி ஆளைப் பாக்குது, மூக்கால புகை விடுது. இவள் மூச்சுக் காட்டேல்லை. கொஞ்ச நேரத்தால மெதுவா,

"மாமா, சுவருக்குப் பின்னால ஆக்கள் நிக்கினம் என்ன?"

"ஓம் குட்டி."

"அவைக்குக் கை நோகாதே?"

எனக்கு உடன மறுமொழி வரேல்லை. நொந்திருக்கும் தானே, ஒரு சொட்டு ஷொட்டுக்காக எத்தினை மணித்தியாலம் இருட்டுக்குள்ள கையை மட்டும் வெளியில நீட்டிக்கொண்டு நிண்டிருப்பினம். திரி தானாப் பத்துறதும் பெரிய வித்தை இல்லை, பத்தி எரியிற திரியை ஒவ்வொண்டா ஊதி நூத்து, நடிகரைப் பின்பக்கமா நடக்கவிட்டு எடுத்து, பிலிமைத் திருப்பி ஓட்டினவை. இதையும் விளங்கப்படுத்தினன், மாயம் கெட்டுப்போகும் எண்டு யோசிச்சாலும். கெடேல்லை, ரெண்டாந்தரம் போடச் சொல்லி இன்னும் கிட்டப் போய்ப் பாத்தாள்.

அந்தக் கடைக்குட்டி பெல் முதன்முதல் மாளிகைக்குள்ள வரேக்க வெள்ளைத் துணி பறக்கிற ஓடையால நடக்காமல் வழுக்கிக்கொண்டு வாறா, கால் அசையேல்லை. கீழ சில்லுப் பூட்டின பலகை. திருவிழாவில சாமி தோளில வரேக்க காவுறவையின்ர கால் எங்களுக்குத் தெரியாமல் முகம் மட்டும் சனத்துக்கு மேலால மிதந்து வருமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

படத்தை எடுக்கத் தொடங்கினது 1945 இல, சண்டை அப்பத்தான் முடிஞ்ச பிரான்ஸ். பிலிம் தட்டுப்பாடு, கிடைச்சதும் ஒவ்வொண்டு ஒவ்வொரு தரம், ஸ்ரூடியோவில கரண்ட் நிண்டு நிண்டு வரும். முற்றத்தில வெள்ளை விரிப்புகள் கொடியில காயிற ஒரு காட்சிக்கு ஒட்டுப்போடாத விரிப்புத் தேடியே அலைஞ்சிருக்கினம். இதையெல்லாம் கொக்தோ நாள்குறிப்பா எழுதிப் புத்தகமாவே போட்டவர். மனிசனுக்கு அந்த நேரம் தோல் வருத்தம் முத்தி ஆஸ்பத்திரியில கிடந்தவர், அந்த நாட்களில ரெனே கிளெமோன் எண்டவர்தான் வேலையைக் கொண்டு போனவர். இதை வாசிக்கேக்க எனக்கு எங்கட சண்டைக்காலத் தொண்ணூறுகள்தான் ஞாபகம். கரண்டே இல்லாத காலம், ஜாம் போத்தல் விளக்கு, அடியில பஞ்சு, விரலளவு மண்ணெண்ணெய், சின்னத் திரி. ஆச்சி அந்த வெளிச்சத்துக்கு முன்னால கையை மடிச்சுச் சுவரில மானும் முயலும் காட்டுவா, திரி ஆடினா மான் ஓடும். சாமான் இல்லாத ஆக்கள் கையைத்தானே நம்பவேணும். கொக்தோட ஆக்களும் அப்பிடி, அதுதான் இந்தப் படம் எனக்கு வெளிநாட்டுப் படம் மாதிரியே தெரியேல்லை.

இன்னொண்டு, மாயக்கதை எண்டால் எல்லாரும் புகையும் மங்கலுமா எடுப்பினம். ஒளிப்பதிவு செய்த அலெகானிட்ட கொக்தோ அந்த மங்கல் வேலை வேண்டாம், கூர்மையா எடு எண்டிட்டார். அதாலதான் மிருகத்தின்ர ஒவ்வொரு மயிரும் தெரியுது. அந்த மிருகம் ழோன் மரே. வேசம் கட்ட அஞ்சு மணித்தியாலம், முகத்துக்கு மூண்டு, கைக்கு ஒவ்வொண்டு. எங்கட கூத்துக்காரர் கேட்டாலே சிரிப்பினம், அவை விடிய விடிய ஆடுறதே அவ்வளவு நேரம்தானே. முதல்ல மரே மான் தலை வைப்பம் எண்டு கேட்டவராம், அலங்காரம் பாத்த பெரார், புல்லுத் தின்னுற மிருகத்துக்கு ஆர் பயப்பிடுவினம் எண்டு மறிச்சிட்டாராம். நல்ல வேளை.

எனக்குப் பிடிச்ச இடம் ஒண்டு. மிருகத்துக்குத் தாகம். பெல் ரெண்டு கையையும் சேத்துக் குழியாக்கித் தண்ணி அள்ளிக் குடுக்கிறா, அது குனிஞ்சு அவவின்ர கையிலயே வாய் வைச்சுக் குடிக்குது, குடிச்சுப்போட்டு என்ர வாய் படுறது உனக்கு அருவருப்பில்லையோ எண்ட மாதிரிக் கேக்குது. இல்லை, எனக்கு விருப்பம் எண்டுறா. அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் இரவு ஏழு மணிக்கு வந்து என்னைக் கலியாணம் கட்டுவியோ எண்டு கேக்கிற மிருகம், அதுக்கெல்லாம் இல்லையெண்டு சொல்லுற பெட்டை, ஆனா தண்ணிக்கு மட்டும் கை நீளுது. இவளும் தன்ர கையைக் குழியாக்கிப் பாத்துக்கொண்டிருந்தாள்.

மிருகம் தண்ணிக்கரையில சாகக் கிடக்குது, பெல் ஓடி வாறா, அந்த நேரம் பாத்து லப்டொப் செத்துது.

பிள்ளை கத்தின கத்தில அம்மா குசினியில இருந்து ரோச் லைற்றோட ஓடி வந்திட்டா. கரண்ட் வர இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. வேற வழியில்லாமல் இருட்டுக்குள்ள நானே முடிவைச் சொன்னன், பெல் தண்ணி பருக்கினா, மிருகம் எழும்பிச்சுது, மிருகமாவே இருந்துது, ரெண்டுபேரும் தோட்டத்துக்கு ரோசா வைக்கப் போச்சினம் எண்டு. "பேந்து?" "பேந்து தண்ணி இறைச்சினம்." சமாதானமாகினாள்.

கரண்ட் வந்தாப் பிறகு மிச்சத்தையும் போடச் சொல்லி நிண்டாள். மிருகம் செத்து பளபளவெண்டு ஒரு ராசகுமாரன் எழும்புறார், அவரும் மரே, பெல்லுக்குப் பின்னால திரிஞ்ச அந்த அவெனோனும் மரே, ஒரே ஆள் மூண்டு வேசம். இவள் முகத்தைச் சுழிச்சு, "இவர் வேண்டாம், அந்தப் பூனை அங்கிள் எங்க?" எண்டாள். அந்தக் காலத்துப் பெரிய நடிகை ஒராள், கார்போ எண்டும் சொல்லுவினம் டீட்றிச் எண்டும் சொல்லுவினம், படம் முடிய என்ர மிருகத்தைத் திருப்பித் தா எண்டு கேட்டவவாம். கொக்தோ எதிர்பாத்ததும் அதைத்தான், மிருகம் போனது பெல்லுக்கு இடியா இருக்கோணும் எண்டு வேணுமெண்டே செய்த வேலை. படத்தில பெல்லும் கொஞ்சம் யோசிச்சுத்தான் நிக்கிறா, கவனிச்சுப் பாருங்கோ.

அடுத்தநாள் இரவும் கரண்ட் இல்லை. அம்மா சாப்பிட வாடி எண்டு கூப்பிட்டுக் களைச்சுப்போனா. போய்ப் பாத்தா, அறை வாசல் சீலைக்குப் பின்னால இருந்து ஒரு சின்னக் கை மட்டும் ரோச் லைற்றைப் பிடிச்சுக்கொண்டு நீட்டி நிக்குது, லேசா நடுங்குது.

"சாப்பிட வா குட்டி."

"நான் சுவர் மாமா. சுவர் கதைக்காது. நீங்கள் நடவுங்கோ."

நடந்தன். கை திரும்பிக் குசினிப் பக்கம் காட்டிச்சுது.