பூசணி ஜிஞ்சர் பியர், நாலாம் ஈடு: கடைசியில் தெளிந்தது

நேற்று இரவு பத்தரைக்கு மூடியைத் திருகினேன். 'ப்ஷ்' என்றது, அவ்வளவுதான். மேலே பாயவில்லை. சீலிங்கில் ஏற்கெனவே இருக்கிற செம்மஞ்சள் வட்டத்துக்குத் துணைக்கு இன்னொன்று வரவில்லை. கிளாசில் ஊற்றி கலண்டருக்கு முன்னால் பிடித்தேன். அந்தப் பக்கத்துத் திகதியை வாசிக்கலாம்! மூன்று ஈடு நாசமான பிறகு நாலாவது. இதை எழுதாமல் நித்திரை வராது.

பியர் என்ற பெயரைப் பார்த்து ஓடி வந்தவர்கள் மன்னிக்க வேணும், இது ஜிஞ்சர் பியர்தான். லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் உண்மையான பியர் காய்ச்சினால் மதுவரித் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். நான் இருப்பதோ வெள்ளவத்தையில் நாலாம் மாடி ஃபிளாட்டில். என் குசினியில் என்ன வேகுது என்று பக்கத்து வீட்டு மாமிக்கு எனக்கு முதலே தெரியும்.

ஆசை மட்டும் அமெரிக்கப் பூசணி பியரில் பிறந்ததுதான். காலனிக் காலத்தில் அங்கே நல்ல மோல்ட் (முளைக்க விட்டுக் காயவைத்த பார்லி) கிடைக்காத இடங்களில் பூசணியைப் போட்டுப் புளிக்க வைத்திருக்கிறார்கள். பிறகு அது வழக்கொழிந்து, 1980களில் கலிபோர்னியாவில் ஹேவார்ட் என்ற ஊரில் பஃபலோ பில்ஸ் என்கிற சின்ன பியர்ச்சாலை திரும்ப எடுத்தது. இன்றைக்கு அந்த பியர்களில் ஆட்கள் பூசணி ருசி என்று நினைத்துக் குடிப்பது பெரும்பாலும் கறுவா, கராம்பு, சாதிக்காய், இஞ்சி. எல்லாம் எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கிடக்கிற சாமான்கள். அப்படியென்றால் இஞ்சியில் இருந்தே தொடங்கினால் என்ன என்றுதான் இறங்கினேன்.

முதல் ஈட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவித்து, அரைத்து, அப்படியே ஊற்றினேன். போத்தலில் இருந்தது கஞ்சி.

இரண்டாவதில் செய்த மடத்தனம் வேறு. இஞ்சி உறை (இஞ்சி, சீனி, தண்ணி சேர்த்துப் புளிக்க வைக்கிற ஈஸ்ட் கலவை) தயாரான உற்சாகத்தில் அதற்குள்ளேயே கறுவாப் பட்டையும் ஆறு கராம்பும் போட்டேன். கராம்பு பல்வலிக்குப் போடுகிற சாமான். கிருமியை அடக்குகிறது ஈஸ்ட்டை மட்டும் தடவிக் கொடுக்குமா? மூன்று நாளாக ஒரு குமிழி இல்லை. இப்போது வாசனைச் சாமான்களைத் தனியாகக் கொதிக்க வைத்து, வடித்து, கடைசியில் அளந்து விடுகிறேன். நாலு லீட்டருக்கு கராம்பு இரண்டு. மூன்றாவதைப் போட்டால் பல் வைத்தியரின் கதிரையில் இருக்கிற மாதிரி இருக்கும்.

மூன்றாவதுதான் சீலிங் ஈடு. பூசணியை நீத்துப்பெட்டியில் அவித்து, அப்பாவின் பழைய வேட்டியை நாலு மடிப்பாகப் போட்டு, இரவு ஒரு மணி வரை பிழிந்தேன். கை விறைத்ததுதான் மிச்சம். துணி அடைக்கும், கழுவுவேன், திரும்ப அடைக்கும். பார்வைக்குத் தெளிவாகத்தான் வந்தது. ஒரு நாள் வைத்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சள் சேறு. போத்தலைத் திறந்ததும் அந்தச் சேறு முழுக்க எழும்பிப் பறந்தது. காஸ் கூடிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதே நாள், அதே உறை, அதே சீனி போட்டு அடைத்த பூசணி இல்லாத போத்தல் அடக்கமாகத் திறந்தது. ஆக, குற்றவாளி காஸ் இல்லை, தும்பு. பூசணியின் நுண்ணிய நார் ஒவ்வொன்றும் குமிழி பிறக்க ஓர் இடம்; மூடி திறந்து அமுக்கம் குறைந்ததும் எல்லா இடத்திலும் ஒரேயடியாகக் குமிழி கிளம்பும். சேற்றில் ஒரு சொட்டு அயடின் விட்டேன், கருநீலம். மாப்பொருளும் இருக்கிறது. பியர் காய்ச்சுகிறவர்களுக்கு மோல்ட்டில் உள்ள நொதியம் மாப்பொருளைச் சீனியாக்கிக் கொடுக்கும். என்னிடம் மோல்ட் ஏது.

பிழிந்து மிஞ்சிய சக்கையை எறிய மனமில்லாமல் பையில் கட்டி ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டு, இந்த விளையாட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு 2025 பெப்ரவரி 9 வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன அதே நாள். மீன் பழுதாகிவிடும் என்று அம்மா ஃப்ரீசரை ஒதுக்கி, இருந்த ஐஸ் எல்லாவற்றையும் மீனுக்குச் சுற்றிக் கொடுத்து, என் பூசணிப் பையை அனாதையாக ஒரு வடியில் போட்டு சிங்கில் வைத்துவிட்டார். அடியில் ஒரு கோப்பை. பின்னேரம் போய்ப் பார்த்தால் கோப்பைக்குள் தேயிலைச் சாயம் மாதிரி பளபளவென்று தண்ணி! ஒரு தும்பு இல்லை. நான் இரவிரவாகப் பிழிந்தும் வராத தெளிவை, யாரும் தொடாமல் அந்தச் சக்கை தானாகவே சொட்டியிருக்கிறது.

யோசித்தால் விஷயம் எளிது. உறையும்போது ஐஸ் பளிங்குகள் பூசணியின் கலங்களைக் குத்திக் கிழித்துவிடும். உருகும்போது உள்ளே இருந்த சாறு தானாக வெளியே வரும். நாரும் பெக்டினும் (ஜாமை இறுக வைக்கிற அதே சாமான்) ஒன்றோடொன்று கொளுவி, தாங்களே ஒரு வடியாக நின்றுகொள்ளும். அந்த வலையை உடைக்காமல் விட்டால் போதும்.

இனி நாலாம் ஈடு. பூசணி 2 கிலோ, தோலோடு பிளந்து ஓவனில் ஓரம் கருகும் வரை சுட்டது (அவித்தால் தண்ணி சேரும், சுட்டால் சாறு இறுகும்). சுரண்டி மசித்தபோது 1.4 கிலோ. தட்டையான பையில் பரப்பி ஓர் இரவு ஃப்ரீசரில். அடுத்த நாள் பலகை மாதிரி உறைந்த அந்த மசியலை வேட்டித் துணியில் வைத்து, துணியை வடியில் வைத்து, வடியைச் சட்டியில் வைத்து, முழுவதையும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். வெளியே வைத்தால் கொழும்பு வெக்கைக்கு உருகி முடிய முதலே புளித்துவிடும். இருபது மணித்தியாலத்தில் 750 மில்லிலீட்டர் சாறு.

இந்த இருபது மணித்தியாலமும் துணியைத் தொடக் கூடாது. பிழிய வேண்டாம், கரண்டியால் அமுக்க வேண்டாம், தட்டிக் கூடப் பார்க்க வேண்டாம். சொட்டு நின்று போனாலும் பேசாமல் இருக்க வேணும். பத்தாவது மணித்தியாலம் தண்ணி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த அம்மா, தேங்காய்ப்பால் பிழிந்து பழகிய கை சும்மா இருக்காமல், போகிற போக்கில் ஒரு முறுக்கு முறுக்கினார்.

"ஐயோ அம்மா! அதை ஏன் தொட்டனீங்கள்?"

"பாதிச் சாறு உள்ளுக்கையே நிக்குது. பிழியத் தெரியாமல் வச்சிருக்கிறாய் எண்டு நினைச்சன்."

சட்டியில் ஒரு மேகம் இறங்கியது. அந்தச் சட்டியை மாற்றி வேறு ஒன்றை வைத்து, முறுக்கிய துணியை அசையாமல் அரை மணித்தியாலம் விட்ட பிறகு திரும்பத் தெளிவாகச் சொட்டத் தொடங்கியது. கலங்கியது இரவுச் சோற்றுக்குக் குழம்பாகிப் போனது.

மிச்சம் வழக்கமான ஜிஞ்சர் பியர் வேலைதான்: இஞ்சி 250 கிராம், சீனி 400 கிராம், எல்லாம் சேர்த்து 4 லீட்டர், ஆறிய பிறகு தேசிக்காய்ப் புளியும் இஞ்சி உறையும். கடைக்காரர் சொன்ன இஞ்சி விலைக்கு நெஞ்சு அடைத்தது, அதைப் பற்றி வேண்டாம். உறைக்கு நாள் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: குளிர் நாட்டுக் குறிப்புகளில் ஒரு கிழமை என்று இருக்கும்; இங்கே 30 பாகையில் மூன்றாம் நாளே பொங்கிவிடும்.

ஹைட்ரோமீட்டர் (தண்ணியோடு ஒப்பிட்டு அடர்த்தியைக் காட்டுகிற கருவி; சீனி குறையக் குறைய எண்ணும் இறங்கும்) கனடாவில் இருந்து சித்தப்பாவின் மகன் சொக்ஸுக்குள் சுற்றிக் கொண்டுவந்தது. அது 20 பாகைக்குச் சரி பார்த்தது. எங்கள் வீட்டு வெக்கையில் இரண்டு, இரண்டரைப் புள்ளி (ஒரு புள்ளி என்றால் 0.001) குறைத்துத்தான் காட்டும். திருத்திப் பார்த்தால் தொடக்கத்தில் 1.043, போத்தலை ஃப்ரிட்ஜுக்குள் ஏற்றும்போது, கலக்கிக் காஸை வெளியேற்றிவிட்டு அளந்து, 1.039. கணக்குப் போட்டால் மதுசாரம் அரை வீதம். மதுவரிக்காரர் நிம்மதியாக இருக்கலாம்.

போத்தல் விஷயத்தில் நான் கண்ணாடியை விட்டுவிட்டேன். கெய்சர் வீதியில் கிளிப் மூடி போட்ட வடிவான கண்ணாடிப் போத்தல்கள் விற்கிறார்கள், பார்த்தால் கை போகும். ஆனால் அலங்காரத்துக்குச் செய்த போத்தல் எவ்வளவு அமுக்கம் தாங்கும் என்று விற்கிறவருக்கும் தெரியாது. குடித்து முடித்த சோடாப் போத்தல்தான் என் அமுக்கமானி. பெருவிரலால் அமத்திப் பார்த்து, கல் மாதிரி நின்றால் உடனே ஃப்ரிட்ஜ். இந்த முறை 28 மணித்தியாலம் எடுத்தது. இரவு அலாரம் வைத்து எழும்பிப் போத்தலை அமத்திப் பார்க்கிற என்னைத் தங்கச்சி வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள்.

அவளிடம்தான் முதல் கிளாசைக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனால் இது சும்மா ஜிஞ்சர் பியர்தானே அண்ணா? பூசணி எங்கே?"

உண்மை. தும்போடு சேர்த்துப் பூசணியின் கனதியையும் விட்டுவிட்டேன். கடைசியில் ஒரு சுட்ட இனிப்பு வாசம் வருகிறது, அதையும் இஞ்சி மிதித்துவிடுகிறது. ஐந்தாம் ஈட்டில் இஞ்சி 150 தான். சீனியில் பாதிக்குக் கித்துள் பாணி விட்டுப் பார்க்கிற எண்ணமும் இருக்கிறது. பாணி என்ற பெயரில் சீனிப்பாகு விற்கிற ஆட்களிடம் ஏற்கெனவே ஒருமுறை மாட்டினேன், ஆகவே இந்த முறை தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்து கொண்டுவரும் வரை காத்திருக்கிறேன்.

அதைவிட எனக்கு நித்திரையைக் கெடுப்பது குரக்கன். முளைக்க வைத்த குரக்கனில் மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியம் இருக்கிறது. ஒரு நாள் ஊறவைத்து, மூன்று நாள் ஈரச் சாக்கில் முளைக்க விட்டு, வெயிலில் காயவைத்து இடித்து, சுட்ட பூசணியோடு 65 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தால், மோல்ட் இல்லாமலே மோல்ட் வேலை நடக்க வேணும். நடந்ததா இல்லையா என்று அயடின் சொல்லும். அந்தக் கூழை உறைய வைத்தால் இதே மாதிரித் தெளிவாகச் சொட்டுமா, அல்லது பெக்டின் வலை அறுந்து கலங்கி வருமா என்பதுதான் கேள்வி. குரக்கன் நேற்றுப் பின்னேரமே ஊறப் போட்டாயிற்று. பால்கனியில் சாக்கை விரிக்க இடம் தேடுகிறேன், புறாத் தொல்லை.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி. வியாழன் இரவு ஃப்ரீசரில் மீன் இருக்காது. கீழ்த்தட்டு முழுக்க எனக்கு என்று அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன், துணியைத் தொட மாட்டேன் என்று அவரிடம் வாங்கிய சத்தியத்தோடு.