ஒரு கட்டம் மாறினால் முழு வரியும் நிறம் மாற வேண்டும்

எங்கள் குழுவின் வேலைப் பட்டியலை எக்செலில் வைத்திருப்பது நான்தான். ஏ நெடுவரிசையில் வேலை, பி-யில் பொறுப்பாளர், சி-யில் கெடு தேதி, டி-யில் நிலை. பட்டியல் 400 வரிகளை எட்டியபோது, கெடு தாண்டியவை எவை என்று தேடுவதே தனி வேலையாகிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து கையால் சிவப்பு பூசுவேன். வேலை முடிந்த பிறகும் அந்தச் சிவப்பு அப்படியே நிற்கும். அதை நம்பி, வேலையை முடித்துவிட்டவரிடமே போய் "ஏன் இன்னும் முடிக்கவில்லை?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு வந்த வருத்தத்தில்தான், நாம் சொல்லும் நிபந்தனையைப் பார்த்து எக்செலே கட்டங்களுக்கு நிறம் பூசும் கண்டிஷனல் ஃபார்மட்டிங்கை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

"முடிந்தது" என்ற சொல் இருக்கும் கட்டத்துக்கு மட்டும் பச்சை கொடுக்க ரெடிமேட் ரூலே போதும். ஆனால் அது அந்தந்தக் கட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான் பார்க்கும். டி-யைப் பார்த்து ஏ முதல் டி வரை எல்லாமே நிறம் மாற வேண்டுமென்றால், நியூ ரூல் போய், கடைசியாக இருக்கும் ஃபார்முலா வழியைத்தான் எடுக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இதற்கு கஸ்டம் ஃபார்முலா என்று பெயர்.

ஏ2 முதல் டி400 வரை தேர்ந்தெடுத்தேன். ஃபார்முலா பெட்டியில் சமக்குறி போட்டு, டி2-வை மவுஸால் சொடுக்கினேன். =$டி$2 என்று தானாகவே வந்தது. பக்கத்தில் ="முடிந்தது" என்று சேர்த்து ஓகே கொடுத்தேன். பட்டியல் மொத்தமும் பச்சை! இரண்டு டாலரையும் எடுத்துவிட்டுப் பார்த்தேன். இப்போது ஏ நெடுவரிசை மட்டும் சரியாகப் பச்சையானது, மற்றவை வெள்ளையாகவே நின்றன.

இந்த இரண்டு தவறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. நாம் எழுதும் ஃபார்முலா, தேர்வின் இடது மேல் மூலையில் இருக்கும் கட்டத்துக்கு உரியது. அதை ஒவ்வொரு கட்டத்துக்கும் இழுத்துக் காப்பி செய்தால் எப்படி மாறுமோ, அப்படித்தான் எக்செல் கணக்குப் போடுகிறது. $டி$2 என்றால் எல்லாக் கட்டங்களும் ஒரே டி2-வைப் பார்க்கும். வெறும் டி2 என்றால் ஏ2 டி2-வைப் பார்க்கும், பி2 நகர்ந்து இ2-வைப் பார்க்கும். நெடுவரிசை நகரக் கூடாது, வரி நகர வேண்டும். அதனால் $டி2. எழுத்துக்கு முன்னால் டாலர், எண்ணுக்கு முன்னால் கிடையாது. மவுஸால் சொடுக்கியதும் எஃப்4 விசையை இரண்டு முறை அழுத்தினால் இந்த வடிவம் வந்துவிடும்.

அப்புறம் ஒருமுறை சோம்பலில் ஏ முதல் டி வரை நெடுவரிசைகளை முழுசாகத் தேர்ந்தெடுத்து அதே ஃபார்முலாவைப் போட்டேன். தேர்வு முதல் வரியில் தொடங்க, ஃபார்முலாவில் 2 இருக்க, ஒவ்வொரு நிறமும் ஒரு வரி மேலே ஏறி உட்கார்ந்தது. இது ஆபத்தான தவறு. பார்வைக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

கெடு தாண்டியதற்குச் சிவப்பு வைக்க, இன்றைய தேதியைத் தரும் டுடே()-யைக் கொண்டு =$சி2<டுடே() போதும் என்று நினைத்தேன். தேதி போடாத வரிகளும் சிவந்தன. எக்செலுக்குத் தேதி என்பது ஓர் எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணுகிறது. ஒப்பிடும்போது வெற்றுக் கட்டம் பூஜ்யம், அது எந்தத் தேதியையும்விடச் சிறியது. ஆகவே மூன்றும் பொருந்தினால் மட்டும் சிவக்கும்படி, ஆண்ட் போட்டு மூன்று நிபந்தனைகளைச் சேர்த்தேன் (தேதி இருக்க வேண்டும், அது தாண்டியிருக்க வேண்டும், வேலை முடிந்திருக்கக் கூடாது): =ஆண்ட்($சி2<>"",$சி2<டுடே(),$டி2<>"முடிந்தது").

அதற்குப் பிறகும் சில பழைய தேதிகள் சிவக்க மறுத்தன. அவை மின்னஞ்சலிலிருந்து ஒட்டியவை. கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் புரிந்தது: அவை தேதி இல்லை, வெறும் எழுத்து. எழுத்தை எண்ணோடு ஒப்பிட்டால் எழுத்தே பெரியது என்று எக்செல் எடுத்துக்கொள்ளும், அதனால் அந்த வரிகள் என்றைக்குமே கெடு தாண்டாது. டேட்டா மெனுவில் இருக்கும் டெக்ஸ்ட் டு காலம்ஸ் கொடுத்து அவற்றைத் தேதியாக மாற்றினேன். "முடிந்தது" என்பதன் பின்னால் ஓர் இடைவெளி சேர்ந்திருந்தாலும் ரூல் பிடிக்காது என்பதால், டி-யில் தட்டச்சுக்குப் பதிலாகத் தேர்வுப் பட்டியல் வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் ஃபார்முலாவை நேராக ரூலில் போடுவதில்லை. முதலில் பட்டியலுக்கு வெளியே ஒரு காலி நெடுவரிசையில் எழுதி, கீழே வரை இழுத்து, ட்ரூ (பொருந்துகிறது), ஃபால்ஸ் (பொருந்தவில்லை) சரியான வரிகளில் வருகிறதா என்று பார்க்கிறேன். சரியென்றால் அதையே எடுத்து ரூலில் ஒட்டுகிறேன். மாதம் ஒருமுறை, போட்ட ரூல்கள் எல்லாம் பட்டியலாகத் தெரியும் மேனேஜ் ரூல்ஸையும் திறந்து பார்ப்பேன். வரிகளை வெட்டி ஒட்டும்போது ஒரே ரூல் பத்துத் துண்டாக உடைந்து கிடக்கும். மிச்சத்தை அழித்துவிட்டு, ஒன்றில் மட்டும் ஏ2 முதல் கடைசி வரி வரை வரம்பைத் திருத்திவிட்டால் போதும்.